ஈடு கொடுத்த நிலம்: கணக்கு நேராகுமா?



மேம்பாடு என்ற பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு சமாதானமும் வரும். "இங்கே அழிந்தால் என்ன, வேறோர் இடத்தில் ஈடு செய்துவிடலாம்" என்பார்கள். சதுப்பு நிலத்தில் துறைமுகம் வந்தால், பயிர் செய்த நிலம் ஒன்றை எடுத்து, அதைப் பறவைகளும் விலங்குகளும் வாழும் இடமாக மாற்றித் தருவதுதான் அந்த ஈடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உண்மையில் நேராகிறதா? இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது.

வழக்கில் வெற்றி, நிலமோ போயிற்று

மெட்வே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் லாப்பல் பேங்க் என்ற 22 ஹெக்டர் சேற்று நிலம் இருந்தது. கடல் நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் புழுவும் சிப்பியும் நிறைந்திருக்கும். குளிர்காலப் பறவைகளுக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு. சிங்கப்பூரின் சுங்கை பூலோவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முன்பு இறால் குளங்கள் இருந்த அந்த இடம் 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வடக்கிலிருந்து வரும் பறவைகள் இன்றும் அந்தச் சேற்றில் இரை தேடுகின்றன.

அதே 1993-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் மெட்வே வட்டாரத்தைப் பறவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தபோது, லாப்பல் பேங்கை மட்டும் விட்டுவிட்டது. ஷீர்னஸ் துறைமுகத்தை விரிவாக்க அந்த இடம் தேவைப்பட்டது. அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் வழக்குத் தொடுத்தது. பாதுகாப்புப் பகுதியின் எல்லையை வகுக்கும்போது பொருளாதாரக் காரணங்களைப் பார்க்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1996 ஜூலையில் கூறியது. சங்கத்தின் வாதம் வென்றது. ஆனால் அதுவரை பணிகளை நிறுத்திவைக்க உத்தரவு கிடைக்கவில்லை. தீர்ப்பு வருவதற்குள் அந்தச் சேற்று நிலம் மேடாக்கப்பட்டுவிட்டது. பறவைகள் மேய்ந்த இடத்தில் கார்கள் நின்றன.

கோதுமை வயலில் கடல் நீர்

இந்த இழப்புக்கும், ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்காக அழிந்த ஃபேக்பரி சேற்று நிலத்துக்கும் அரசாங்கம் ஈடு தர வேண்டியதாயிற்று. எசெக்ஸ் கடலோரத்தில் கோதுமை விளைந்த வாலசீ தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 2006 ஜூலை 4-ஆம் தேதி கடல் தடுப்புக் கரை உடைக்கப்பட்டது. 115 ஹெக்டர் வயலுக்குள் கடல் நீர் நுழைந்தது.

கரையை உடைத்தால் மட்டும் போதாது. கரை கட்டித் தண்ணீர் வடித்த நிலம் காலப்போக்கில் தாழ்ந்துவிடும். கடல் கொண்டுவரும் வண்டலும் அதற்குக் கிடைக்காது. அப்படியே திறந்துவிட்டால் ஆழமான நீர்தான் தேங்கும். செடிகள் முளைக்க முடியாது. ஆகவே, துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றைக் கொட்டி முதலில் நிலத்தை உயர்த்தினார்கள். பிறகு அதே தீவின் இன்னொரு பகுதியில், பறவைகள் சங்கம் தன் சொந்தத் திட்டத்துக்கு லண்டன் ரயில் சுரங்கப்பாதையில் தோண்டிய 30 லட்சம் டன்னுக்கும் அதிகமான மண்ணைப் பயன்படுத்தியது. அங்கே 2015-இல் கரை திறக்கப்பட்டது. பறவைகளும் வந்தன. ஆக, விளைநிலத்தை மீண்டும் இயற்கையிடம் ஒப்படைக்க முடியும் என்பது நிரூபணமாகியிருக்கிறது.

கணக்கில் வராதவை

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். தீர்ப்பு 1996-இல், ஈடு 2006-இல். இடைப்பட்ட பத்துக் குளிர்காலங்கள் பறவைகள் எங்கே போயிருக்கும்? பசியோடு வரும் பறவையிடம் "பத்தாண்டு பொறு" என்று சொல்ல முடியுமா? அத்துடன் ஈடாகக் கிடைத்த இடம் மெட்வேயில் இல்லை, தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் இருக்கிறது. விளைநிலம் குறைந்ததும் ஓர் இழப்புதான்.

அதனால்தான் ஈடு என்பது கடைசி வழி என்கிறார்கள் வல்லுநர்கள். முதலில் பாதிப்பைத் தவிர்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைக்க வேண்டும். அதற்கும் மிஞ்சியதற்குத்தான் ஈடு. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல், விதிவிலக்குப் பெற்றவை தவிர மற்ற மேம்பாட்டுத் திட்டங்கள், அழிப்பதை விட 10 விழுக்காடு கூடுதலாக இயற்கை வாழிடத்தைத் தர வேண்டும். அதைக் குறைந்தது 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். திட்ட நிலத்திலேயே முடியாதபோது, தங்கள் நிலத்தின் ஒரு பகுதியை ஒதுக்கித் தரும் விவசாயிகளுக்கு அது வருமானமாகவும் அமைகிறது.

மலேசியாவிலும் பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதுண்டு. அடுத்த முறை "ஈடு செய்வோம்" என்ற வாக்குறுதியைப் பார்த்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். புதிய இடம் எப்போது தயாராகும், பழையது அழிவதற்கு முன்பா, பின்பா? அங்கிருந்த உயிரினங்கள் அதைச் சென்றடைய முடியுமா? முப்பது ஆண்டுகள் அதை யார் பராமரிப்பார்கள், யார் செலவில்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருந்தால் அது ஈடு. இல்லையென்றால் அது வெறும் சமாதானம்தான்.