பிறவி இடுப்புக் குறையும் உலோகத் தொப்பியும்

விசுவமடுச் சந்தையிலோ வயல் வரம்பிலோ கெந்திக் கெந்தி நடக்கும் பெண்ணொருத்தியைக் கண்டால், ‘பிறவிக் குறை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் நம்மவர் வழக்கம். அக்குறை யாது? தொடையெலும்பின் தலை ஓர் உருண்டை. அதனை ஏற்கும் இடுப்புக் குழி ஒரு கிண்ணம். சிலருக்குக் கிண்ணம் ஆழமின்றி அமைந்துவிடுகிறது. பெண் குழந்தைகளிடத்தே இது மிகுதி. பாரம் முழுவதும் கிண்ணத்தின் விளிம்பிலே தாங்குவதால், முப்பது நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்ந்து, நாற்று நடக் குனிவதும் அரிதாகிவிடும்.

இத்தகைய இளவயதினருக்கென்றே வந்தது போலிருந்தது மூட்டின் மேற்பரப்பை மட்டும் மாற்றும் சத்திர சிகிச்சை. முழு மூட்டு மாற்றில் எலும்பின் தலையை வெட்டி நீக்குவர். இதிலோ தலையைச் செதுக்கி, பல்லுக்கு உறை போடுவதுபோல உலோகத் தொப்பி அணிவித்து, குழியினுள் உலோகக் கிண்ணம் பொருத்துவர். எலும்பு மிஞ்சுவதால், பின்னர் வேண்டின் முழு மாற்றும் செய்யலாம். பிரித்தானியாவின் பர்மிங்காம் நகரில் டெரெக் மக்மின் என்னும் வைத்தியர் 1990களில் இதனைச் செம்மைப்படுத்தினார். சென்னையில் இதனாற் பெயர் பெற்றவர் வைத்தியர் விஜய் போஸ்.

பலன் எவ்வாறு? பருத்த எலும்புடைய ஆண்கள் பலர் பத்தாண்டுக்கு மேலும் நன்றாக நடந்தனர். பிறவிக் குறையுடையோர்க்கு அத்துணை நற்பேறு வாய்க்கவில்லை. குழி ஆழமற்றதாயின் உலோகக் கிண்ணம் செங்குத்தாய்ச் சாய்ந்து அமர்ந்துவிடும். அப்போது இரு உலோகங்களுக்கும் இடையேயுள்ள மெல்லிய நீர்ப்படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உராயும். கோபால்ட்டும் குரோமியமும் துகளாய் உதிர்ந்து சுற்றியுள்ள தசையைக் கெடுக்கும். எலும்புத் தலை சிறிதாயின் இடர் பெரிது. இக்குறையுடையோரோ பெரும்பாலும் சிறிய தலையுடைய பெண்கள்! எவருக்கு மிகவும் வேண்டியிருந்ததோ, அவருக்கே ஒவ்வாததாயிற்று. 2010இல் ‘ஏ.எஸ்.ஆர்.’ என்னும் மூட்டு உலகெங்கும் மீளப் பெறப்பட்டது. 2015இல் பர்மிங்காம் மூட்டை ஆக்குவோரே 46 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அளவுகளை விலக்கி, பெண்களுக்கு இது தகாதென அறிவித்தனர்.

குறையுள்ள குழிக்கெனத் திருகாணியுடன் தனிக் கிண்ணமும் செய்யப்பட்டது. கைதேர்ந்த வைத்தியரிடம் அதனால் நலமடைந்தோர் உளர். எனினும் குட்டையான காலை இம்முறையால் அதிகம் நீட்ட இயலாது. அதற்கு முழு மாற்றே ஏற்றது.

ஆகவே சென்னைக்குப் புறப்படுமுன், ‘என் எலும்புத் தலையின் அளவு என்ன? குழியின் சாய்வு என்ன?’ என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டிக் கேட்டல் வேண்டும். முன்னரே உலோகத் தொப்பி அணிந்தோர், நோவில்லை என்று வாளாவிராது, இரத்தத்திற் கோபால்ட் அளவைச் சோதிப்பது குறித்து வைத்தியரை உசாவுதல் நன்று.