அக்ராவில் வாடைக்காலம்

காலை ஏழு மணி இருக்கும். பால்கனிக் கதவைத் திறந்தேன். வானம் பால் தெளித்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலே, விளக்கித் துடைத்த வெள்ளித் தட்டு போல ஒரு வட்டம். கண் கூசவே இல்லை.

"உங்க ஊர்ல நிலா ஏழு மணி வரைக்கும் வீட்டுக்குப் போகாதா?" என்று கேட்டேன்.

நண்பரின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பிறந்ததே இந்த ஊரில்தான். "மாமா, அது சூரியன்! கூசலேன்னு உத்துப் பாக்காதீங்க, கண்ணு கெட்டுடும். எங்க மிஸ் திட்டுவாங்க."

மிஸ் சொன்னது சரி. தூசி சூரியனை மங்கலாக்கும். ஆனால் கண்ணைக் கெடுக்கிற கதிர்கள் அத்தனையையும் அது தடுத்துவிடாது.

கானா நாட்டின் தலைநகரம் அக்ரா. மேற்கு ஆப்பிரிக்காவில், கினி வளைகுடாவின் கரையில் இருக்கிறது. கிரீன்விச் கோடு பக்கத்து ஊரான டெமா வழியாகப் போகிறது. அதனால் லண்டனில் குளிர்காலத்தில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. நம் கடிகாரத்திலிருந்து 5½ மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். பூமத்திய ரேகையிலிருந்து கன்னியாகுமரி 8 பாகை வடக்கே என்றால், அக்ரா 5½ பாகைதான். கன்னியாகுமரியைவிடத் தெற்கே இருக்கிற ஊருக்குக் குளிர்காலம் எங்கிருந்து வரும்? மழைக்காலம் உண்டு, மழை இல்லாத காலம் உண்டு, அவ்வளவுதான். நான் போனது ஜனவரியில், மழையே இல்லாத நாட்களில்.

அந்த மாதங்களில் அங்கே வீசும் காற்றுக்கு ஹர்மட்டான் என்று பெயர். கானாவில் நிறையப் பேர் பேசும் ட்வி மொழியில் ஜனவரி மாதத்தை 'ஒப்பெபோன்' என்கிறார்கள். 'ஒப்பே' என்றால் இந்த வறண்ட காற்றுக் காலம், 'போன்' என்றால் பெரியது. நாம் ஆடிக்காற்று என்று காற்றுக்கு மாதத்தின் பெயரைக் கொடுத்தோம். அவர்கள் மாதத்துக்குக் காற்றின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

கீழே இறங்கினோம். முந்தின நாள் சாயங்காலம் கழுவி நிறுத்திய கார், மைதா மாவு சலித்த இடத்தில் விட்டது போல நின்றது. அவள் முன்கண்ணாடியில் விரலால் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். எழுத்துகள் பளிச்சென்று விழுந்தன. நான் விரலில் கொஞ்சம் தொட்டு எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தேன். நெறுநெறுவென்று இல்லை. முகப்பவுடர் போல வழுவழுப்பு. மணல் இவ்வளவு தூரம் வராது. கனமான துகள்கள் வழியிலேயே இறங்கிவிடும். கடைசிவரை பயணம் செய்வது ரொம்பப் பொடியானது மட்டும்தான். இத்தகைய துகள் பதினைந்து, இருபதை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

சூரியன் நிலாவாகத் தெரிந்ததும் இந்தப் பொடியால்தான். சுத்தமான காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், அதனால் வானம் நீலம். தூசித் துகள்கள் அந்த மூலக்கூறுகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். எல்லா நிறமும் கலந்தால் வெள்ளை. மேகமே இல்லாமல் வானம் பால் நிறமாவது இப்படித்தான்.

சரி, பொடி எங்கிருந்து வருகிறது? சகாரா என்று சொல்லிவிடலாம். அதற்குள்ளும் ஒரு முக்கியமான முகவரி உண்டு. சாட் நாட்டில் பொதெலே என்று ஒரு பள்ளம். உலகிலேயே அதிகமாகத் தூசி கிளம்பும் இடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அக்ராவிலிருந்து நேர்கோட்டில் 2,300 கிலோமீட்டர் போல வரும். நம் கன்னியாகுமரிக்கும் டெல்லிக்கும் நடுவில் உள்ள தூரம். பொதெலேவுக்கு வடக்கே திபெஸ்தி மலை, கிழக்கே என்னெடி மலை. இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி நெருக்கியடித்துக்கொண்டு வருமோ, அப்படி அந்த இடைவெளியில் வேகம் பிடித்துப் பள்ளத்தில் பாய்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் ஏரி. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சகாராவில் மழை பெய்தது, புல் முளைத்தது. அப்போது இருந்த சாட் ஏரி, தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு பரப்பில் கிடந்தது. அதன் தண்ணீரில் டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி கோடிக்கணக்கில் வாழ்ந்தது. டயாட்டத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: கண்ணாடியில் இருக்கிறதே சிலிக்கா, அதே பொருளால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். பாசி செத்தாலும் ஓடு மக்காது. ஏரி வற்றியதும் ஓடுகள் வெள்ளை வெளேரென்ற படிவமாகத் தங்கிவிட்டன. காற்று வாரிக்கொண்டு போகிற பொடியில் அவையும் உடைந்து கலந்திருக்கின்றன.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். சார்லஸ் டார்வின். 1832 ஜனவரியில் அவர் போன பீகிள் கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளை நெருங்கியபோது, கப்பல்மேல் பழுப்புத் தூசி படிந்தது. இருபத்து இரண்டு வயசுப் பையன் அதைத் துடைத்துப் போடாமல் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டார். பிறகு ஐந்து பொட்டலங்களை ஜெர்மனியில் எரன்பெர்க் என்ற அறிஞருக்கு அனுப்பினார். நுண்ணோக்கியில் பார்த்தவர் 67 வகை நுண்ணுயிர் உருவங்களை எண்ணினார். தூசி தட்டுவதற்கு முன்பு கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன். (இதை உங்கள் அம்மாவிடம் வேலையைத் தட்டிக்கழிக்கச் சாக்காகச் சொல்லக் கூடாது.)

"சரி மாமா, காத்து ஏன் அங்கிருந்து இங்க வரணும்?" என்றாள் அவள்.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும். அப்போது சகாரா குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் கூடும். பூமத்திய ரேகைப் பக்கம் சூடு அதிகம், அழுத்தம் குறைவு. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும். நேர் தெற்கே ஓட வேண்டிய காற்று, பூமி சுழல்வதால் தன் வலப்பக்கமாக வளைகிறது. தெற்கே பார்த்து நின்று வலக்கையை நீட்டிப் பாருங்கள், மேற்கைக் காட்டும். ஆகவே வடகிழக்கிலிருந்து தென்மேற்குப் பக்கமாக வருகிறது.

வடகிழக்குக் காற்று என்றால் நமக்குத் தெரிந்த ஆள்தான்! ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு மழை கொண்டுவருவதும் வடகிழக்குக் காற்றுதானே. "வாடை அடிக்குது, காதைக் கட்டு" என்று பாட்டி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வருவாரே, அந்த வாடை. நமக்கு வருவது வங்காள விரிகுடாவைத் தாண்டி, வழியெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறது. கானாவுக்குப் போவது சகாராவைத் தாண்டிப் போகிறது. அங்கே குடிக்க என்ன இருக்கிறது? மடி நிறையப் புழுதியும் தீராத தாகமுமாக ஊருக்குள் நுழைகிறது.

அந்தத் தாகத்தை முதலில் கண்டுகொண்டது என் உதடு. உதட்டில் வியர்வைச் சுரப்பி கிடையாது, தோலும் மெல்லிசு. வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்ச, இரண்டாம் நாளே வெடித்துவிட்டது. நாக்கால் நக்கினேன். அது தப்பு. எச்சில் ஆவியாகும்போது இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். நண்பரின் மனைவி ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கலந்த வெண்ணெய் போல ஒன்றை நீட்டினார். வட கானாவில் வளரும் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. கிண்ணத்தில் கட்டியாக இருந்தது, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் உருகி எண்ணெயானது. நம் உடம்புச் சூடே அதற்குப் போதும். ராத்திரி அலமாரி 'டக்' என்று சத்தம் போட்டு என்னைத் தூக்கிவாரிப் போட்டதும் இதே தாகத்தால்தான். ஈரம் போனதும் மரம் சுருங்குகிறது. இங்கிலாந்து மருத்துவர் மேத்யூ டாப்சன் 1781-லேயே லண்டன் ராயல் சொசைட்டி இதழில், இந்தக் காற்றில் மரச் சாமான்கள் பிளப்பதையும் புத்தக அட்டைகள் வளைவதையும் பற்றி எழுதியிருக்கிறார்.

ஆனால் ஊர்க்காரர்கள் ஹர்மட்டானைத் திட்டுவதோடு நிறுத்துவதில்லை. 'டாக்டர்' என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. வருஷம் முழுக்கப் பிசுபிசுக்கும் கடற்கரை வெக்கையில் இருப்பவர்களுக்கு இந்த வறட்சி ஓர் ஆறுதல். துவைத்த துணி அரை மணியில் மொறமொறவென்று காய்கிறது. ராத்திரி ஜில்லென்று இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி, பூமியின் சூடு தப்பிவிடாமல் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். ஹர்மட்டானில் அந்தப் போர்வை மெலிந்துவிடுகிறது.

சாக்லேட் பிரியர்களும் இந்தக் காற்றுக்கு நன்றி சொல்லலாம். கோகோ விளைச்சலில் உலகில் முன்வரிசையில் இருக்கும் நாடு கானா. 1879-இல் டெட்டே குவார்ஷி என்பவர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதைகளைக் கொண்டுவந்து, அக்ராவுக்கு வடக்கே மாம்போங் என்ற மலையூரில் நட்டார். பறித்த கோகோ விதையைப் புளிக்கவைத்து, மூங்கில் பாய்களில் பரப்பி ஒரு வாரம் போலக் காயவைக்க வேண்டும். மழையும் ஈரமும் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வறண்ட காற்று வேலையைச் சுலபமாக்குகிறது. அதுவே அளவுக்கு மீறினால் மரம் இலையை உதிர்த்துவிடும், காய்களும் சிறுத்துப்போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜேம்ஸ்டவுன் கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனோம். வர்ணம் தீட்டிய மரப்படகுகள் எல்லாம் கரையில். அந்தக் கரையின் கா இன மீனவர்கள் செவ்வாயன்று கடலுக்குப் போவதில்லை. அன்று வலை பின்னுகிற நாள். காலையில் கடல் இருக்கிற இடமே தெரியாமல் புகைமூட்டம் போட்டிருந்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தது. மெரினாவில் வீசுமே, அதேதான். ஈரமான கடற்காற்று தூசிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ள, நாலு மணிக்குத் தொடுவானம் தெரிந்தது.

இந்தத் தள்ளுமுள்ளை நாங்கள் வீட்டிலேயே அளந்தோம். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர்கள் எடுத்து, ஒன்றின் குமிழில் மட்டும் நனைத்த பஞ்சுத்துணியைச் சுற்றினோம். காலை பத்தரைக்குக் காய்ந்தது 31 டிகிரி காட்டியது, ஈரமானது 20. பதினோரு டிகிரி வித்தியாசம்! தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். சாயங்காலம் கடற்காற்று வந்தபின் 29, 25. நாலே டிகிரி.

தரையைத் தொடும் காற்றுதான் கடற்கரையில் தோற்றுப்போகிறது. உயரத்தில் போகிற சகாராத் தூசிக்குக் கடல் ஒரு தடை இல்லை. நாசாவின் கலிப்சோ செயற்கைக்கோள் 2007 முதல் 2013 வரை அளந்ததில், ஆண்டுக்குச் சராசரியாக 18 கோடியே 20 லட்சம் டன் தூசி சகாராவை விட்டு மேற்கே கிளம்புவது தெரிந்தது. அதில் 2 கோடியே 77 லட்சம் டன், அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமேசான் படுகையில் விழுகிறது. அதோடு சுமார் 22,000 டன் பாஸ்பரஸும் போய்ச் சேருகிறது. அமேசானில் கொட்டுகிற மழை மண்ணிலிருந்து அரித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்த இரண்டு தெர்மாமீட்டர் சோதனையை நீங்களும் செய்யலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அறை வெப்பம் காட்டுவது வேண்டும். கண்ணாடி உடையாமல் பெரியவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். ஐப்பசி மழை நாளில் ஒருமுறை, மாசி வெயிலில் ஒருமுறை அளந்து, தேதி, நேரம், காற்றின் திசை போட்டு இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். அக்ராவிலிருந்து ஒரு நோட்டு நிறைய எண்கள் ஏற்கெனவே வந்துவிட்டன.