மறைந்த கலைஞர்களுக்கான ரசிகர் நினைவேந்தல்

திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் மக்களை மகிழ்வித்த கலைஞர்கள் மறைந்தபின் ரசிகர்கள் அவர்களை நினைவுகூரும் பல வழக்கங்கள் தமிழகத்தில் உள்ளன. இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்வது, தெருமுனையில் படம் வைத்து மாலையிடுவது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவது, நினைவு நாளில் அன்னதானம் செய்வது ஆகியவை நெடுங்காலமாக இருப்பவை. மறைந்தவர் தொடங்கிய பணியைத் தொடர்வதும், அவர் நடித்த காட்சிகளை வெட்டிக் கைபேசியில் பகிர்வதும் அண்மைக் காலத்தில் பெருகியவை. 2020 முதல் 2025 வரையிலான ஆண்டுகளில் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், நடிகர்கள் விவேக், மயில்சாமி, மனோபாலா, மாரிமுத்து, விஜயகாந்த், டெல்லி கணேஷ், ரோபோ சங்கர் எனப் பலர் அடுத்தடுத்து மறைந்தனர். இவர்களில் பெரும்பாலோர் கதாநாயகர்கள் அல்லர். இவர்களுக்கு மன்றங்கள் இல்லை அல்லது மிகக் குறைவு. ஆயினும் இவர்களுக்காக வருந்தியவர்கள் ஏராளம். மன்றமும் சிலையும் இல்லாத கலைஞரின் நினைவு எதன் வழியாக நிலைக்கிறது என்பதை இந்த ஆண்டுகளின் நிகழ்வுகள் காட்டுகின்றன.

இடம் சார்ந்த நினைவு

தமிழ்த் திரையுலகில் நினைவு என்பது முதலில் ஓர் இடத்தைச் சார்ந்தே இருந்தது. 1957-ல் மறைந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சென்னை தியாகராய நகரில் சிலை உள்ளது. அரசு விழாக்கள் நடக்கும் கலைவாணர் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1987 டிசம்பர் 24 அன்று மறைந்த எம்.ஜி.ஆரின் மெரினா நினைவிடத்துக்கு இன்றும் வெளியூர்ப் பயணிகள் வந்து செல்கின்றனர்.

இடம் சார்ந்த நினைவு அரசின் முடிவையும் சார்ந்தது. மெரினா கடற்கரைச் சாலையில் 2006-ல் நிறுவப்பட்ட சிவாஜி கணேசன் சிலை 2017-ல் அகற்றப்பட்டு, அடையாறில் கட்டப்பட்ட மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. பெரும் நடிகரின் சிலையே இடம் மாறும்போது துணை நடிகருக்கோ தொலைக்காட்சிக் கலைஞருக்கோ ஒரு சதுர அடி கிடைப்பது அரிது. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தெருவின் பெயர்தான். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

விவேக்கும் மரக்கன்றுகளும்

விவேக் 1961-ல் பிறந்தவர். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது இயக்குநர் கே. பாலசந்தரின் அறிமுகம் கிடைத்தது. 1987-ல் வெளிவந்த 'மனதில் உறுதி வேண்டும்' அவரது முதல் படம். மூடநம்பிக்கை, சாதி வேற்றுமை, லஞ்சம் ஆகியவற்றைக் கிண்டல் செய்யும் காட்சிகளால் 'சின்னக் கலைவாணர்' என்று அழைக்கப்பட்டார். 2009-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் தூண்டுதலால் 'கிரீன் கலாம்' என்ற பெயரில் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு கோடி மரக்கன்றுகள் நடுவது இலக்கு. அவர் மறையும்போது சுமார் 33 லட்சம் நடப்பட்டிருந்தன.

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட விவேக், மக்களும் அச்சமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று செய்தியாளர்களிடம் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டது. ஏப்ரல் 17 அதிகாலை காலமானார். காவல்துறை மரியாதையுடன் விருகம்பாக்கத்தில் உடல் தகனம் செய்யப்பட்டது. இரண்டாம் அலை பரவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்படியிருந்தும் முகக்கவசம் அணிந்த மக்கள் அஞ்சலி செலுத்த வந்தனர்.

வர இயலாதவர்கள் தத்தம் ஊரில் மரக்கன்று நட்டனர். வீட்டு வாசல், பள்ளி வளாகம், ஏரிக்கரை என்று பல இடங்களில் நடப்பட்ட கன்றுகளின் படங்கள் அந்த வாரம் முழுவதும் பகிரப்பட்டன. ரசிகர் மன்றத்தின் ஆணை ஏதும் இல்லாமல் நடந்தது இது. கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவதற்கும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. பின்னது ஒரு நாளோடு முடிவதில்லை. கோடை முழுவதும் யாராவது ஊற்ற வேண்டும். அவ்வாறு நடப்பட்ட கன்றுகள் எத்தனை பிழைத்தன என்பதே அந்த அஞ்சலியின் உண்மையான அளவுகோல். படம் எடுப்பதோடு நின்றவர்களும் இருந்திருப்பார்கள்.

இம்மறைவுக்கு வேறொரு விளைவும் இருந்தது. தடுப்பூசியால்தான் விவேக் இறந்தார் என்ற பேச்சு உடனே பரவியது. இதய இரத்தக் குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று மருத்துவர்களும் அரசும் விளக்கினர். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசின் குழுவும் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்ற முடிவை 2021 அக்டோபரில் தெரிவித்தது. மூடநம்பிக்கையைச் சிரிக்கச் சிரிக்கக் கண்டித்தவரின் மரணமே வதந்திக்குப் பொருளானது. ஊசிக்கு அஞ்சி ஒதுங்குவதற்கு அவர் பெயரையே காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. மக்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர் அன்று மருத்துவமனைக்குச் சென்றார் என்பதை அவர்கள் மறந்தனர்.

2022 மே மாதத்தில் அவர் வசித்த விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்குச் 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று பெயரிடப்பட்டது. ஆனால் பலருக்கு அவர் நினைவு அந்தச் சாலையில் இல்லை, ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைத் தொலைக்காட்சிகளில் இருக்கிறது. லாரியை ஓட்டுவது எலுமிச்சம்பழமா என்ற கிண்டலும், 'ரன்' படத்தின் காக்கா பிரியாணியும் அவற்றில் தொடர்ந்து ஒளிபரப்பாகின்றன. சோறு உண்ணும் நேரத்தில் சிரிக்க வைக்கும் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை மனம் ஏற்கத் தயங்குவதற்கு இந்த மறு ஒளிபரப்பு ஒரு காரணம்.

திட்டப்பட்டவருக்கு அழுகை

சின்னத்திரையில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். தேனி மாவட்டத்துப் பசுமலைத்தேரியைச் சேர்ந்த ஜி. மாரிமுத்து பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்தவர். 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) ஆகிய படங்களை இயக்கினார். சன் தொலைக்காட்சியில் 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதிமுத்து குணசேகரன் என்ற பாத்திரத்தில் நடித்தார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் மூத்த அண்ணன் வேடம் அது. 'ஏய், இந்தாம்மா' என்று அவர் அழைக்கும் தொனி தமிழகமெங்கும் பரவியது. இல்லத்தரசிகள் இரவுதோறும் அந்தக் குணசேகரனைத் திட்டினர். மறுநாளும் தவறாமல் பார்த்தனர்.

2023 செப்டம்பர் 8 அன்று காலை அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு மாரிமுத்து காலமானார். 'ஜெயிலர்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடல் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அன்றுவரை அவரைத் திட்டியவர்களே அழுதனர். குணசேகரன் செத்துப்போனார் என்றே பல வீடுகளில் செய்தி சொல்லப்பட்டது. நடிகரின் பெயர் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. இயக்குநர் ஆவதற்காக அவர் சென்னையில் கழித்த ஆண்டுகளும், எடுத்த படங்களும், சோதிடத்தை மறுத்துத் தொலைக்காட்சி விவாதத்தில் அவர் பேசியதும் இறந்த பிறகே பரவலாகத் தேடிப் பார்க்கப்பட்டன.

கதாநாயகன் இறந்தால் படம் நின்றுவிடும். தொடர் அவ்வாறு நிற்பதில்லை. குணசேகரன் வேடத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். அவர் தேர்ந்த நடிகர். எனினும் பழைய தொனியைத் தேடிய பார்வையாளர்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தனர். புதிய நடிகரை ஏற்க மறுப்பதும் ஒருவகை நினைவேந்தல்தான். அதன் சுமை மட்டும் புதியவரின் தோளில் விழுகிறது.

உணவும் கண்களும்

2023 டிசம்பர் 28 அன்று மறைந்த விஜயகாந்த் நடிகராகவும் கட்சித் தலைவராகவும் இருந்தவர். சென்னை தீவுத்திடலில் வைக்கப்பட்ட அவரது உடலுக்கு அஞ்சலி செலுத்தப் பெருங்கூட்டம் திரண்டது. கோயம்பேட்டில் உள்ள கட்சி அலுவலகத்தில் அடக்கம் நடந்தது. அங்கு வருவோருக்கு உணவு வழங்கப்படுகிறது. படப்பிடிப்பில் நாயகனுக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் ஒரே சாப்பாடு போட வேண்டும் என்று நின்றவர் அவர் என்பது திரையுலகினர் பலரும் சொல்லும் செய்தி. அதனால் அங்கு இடும் சோறு சடங்காக மட்டும் இல்லாமல் அவரைப் பற்றிய ஒரு விவரிப்பாகவும் ஆகிறது.

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூருவில் மறைந்தபோது அவரது கண்கள் தானமாக வழங்கப்பட்டன. விழிவெண்படலங்களைப் பகுத்துப் பொருத்தியதில் நால்வருக்குப் பார்வை கிடைத்தது. அதைத் தொடர்ந்து கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பதிவு செய்வோர் எண்ணிக்கை பெருகியது. தமிழ் நடிகர் டேனியல் பாலாஜி 2024 மார்ச்சில் மறைந்தபோதும் கண்கள் தானம் செய்யப்பட்டன.

குரல் யாருக்குச் சொந்தம்

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகஸ்ட் 20 மாலை திரையுலகினரும் ரசிகர்களும் அவர் நலம்பெற வேண்டி அவரவர் இருந்த இடத்திலேயே அவரது பாடல்களை ஒலிக்கவிட்டுக் கூட்டுப் பிரார்த்தனை செய்தனர். செப்டம்பர் 25 அன்று அவர் காலமானார். திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் உள்ள அவரது பண்ணை வீட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பாடகரை நினைவுகூர ரசிகர்களுக்கு எளிய வழி அவர் பாட்டைப் பாடுவதே. தெருவோர மெல்லிசைக் கச்சேரிகளிலும் வீட்டுத் திண்ணையிலும் அது நடந்துகொண்டிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதில் ஒரு சிக்கல் எழுந்துள்ளது. 2024-ல் வெளியான 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இம்முறையில் பயன்படுத்தினார். குடும்பத்தினரின் ஒப்புதல் பெற்று ஊதியமும் வழங்கப்பட்டதாக அவர் தெரிவித்தார். அதே ஆண்டு வெளியான 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் விஜயகாந்தின் உருவம் குடும்பத்தினரின் அனுமதியுடன் உருவாக்கப்பட்டுத் திரையில் தோன்றியது. ஆனால் 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் தம் தந்தையின் குரல் அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கப்பட்டதாகக் கூறி, எஸ்.பி.பி. சரண் படக்குழுவினருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். மீண்டும் கேட்க வேண்டும் என்ற ரசிகரின் ஏக்கமும், தந்தை பாடாத ஒன்றை அவர் குரலில் கேட்க நேரும் மகனின் வருத்தமும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன.