கருச்சிதைவும் இளைஞர் மனச்சான்றும்

குற்றம் வேறு, பாவம் வேறு. முன்னதை நாட்டின் சட்டம் வகுக்கும். பின்னதை மனச்சான்று உரைக்கும். இவ்விரண்டும் தம்முள் மயங்கும் இடங்களுள் கருச்சிதைவும் ஒன்று. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் வளரும் இளைஞர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. அடுத்த லயன் அறையிலும் எழக்கூடியது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவே இன்றும் இதனை ஆள்கின்றது. தாயின் உயிரைக் காத்தற்பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்வதொன்றே விலக்கு. ஏனையவற்றுக்கு 3 ஆண்டு வரையும், கரு அசையத் தொடங்கியபின் 7 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. தன் கருவைத் தானே சிதைப்பவளும் குற்றவாளியே. வல்லுறவால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை. இதனைத் தளர்த்துதற்கு 1995இல் கொணரப்பட்ட திருத்தம் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 2017இல் எழுந்த முயற்சியும் நிறைவேறவில்லை.

நம் முன்னோர் கருத்து யாது? புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கருவைச் சிதைத்தலைக் கொடும் பாவங்களுள் ஒன்றாக எண்ணுகின்றார். ஆயினும் அதற்குக் கழுவாய் உண்டென்றும், செய்ந்நன்றி கொன்றார்க்கே உய்வில்லை என்றும் அவர் உரைப்பது சிந்திக்கத்தக்கது. பாவத்தைப் பாவமென்ற அறம், செய்தாரைப் புறந்தள்ளிக் கதவடைக்கவில்லை.

இளைஞர் உள்ளத்திலும் இவ்விரு குரல்களும் ஒலித்தல் இயல்பே. வகுப்பறையில் வினவினால் "பாவம்" என்னும் ஒரு சொல்லோடு விடை முடியும். தனித்து எண்ணுங்காலோ, வன்முறைக்கு ஆளான சிறுமியும், பல பிள்ளைகளோடு நோயுற்று வாடும் கொழுந்து பறிக்கும் தாயும் கண்முன் நிற்பர். இது கபடமன்று, பொதுவிதியை மனிதரோடு பொருத்திப் பார்க்கும் மனச்சான்றின் தொழில்.

ஆனால் அறியாமையின்மேல் அறம் நில்லாது. அவசரக் கருத்தடை மாத்திரை கருமுட்டை வெளிப்படுதலைத் தாமதிப்பதேயன்றித் தரித்த கருவைக் கலைப்பதன்று. 72 மணி நேரத்துள் எத்துணை விரைவில் உட்கொள்ளப்படுமோ அத்துணைப் பயன் தரும். பயிற்சியற்றோர் கையாற் செய்யப்படும் கருச்சிதைவு குருதிப்போக்கினாலும் கிருமித்தொற்றினாலும் உயிரைக் கொள்ளும். குருதிப்போக்கோ காய்ச்சலோ கண்டவிடத்துத் தண்டனைக்கு அஞ்சி மறைந்திராது, உடனே வைத்தியசாலையை நாடுதலே உயிர்காக்கும் வழி.

தெரிவு என்பது பெறாதிருத்தல் மட்டுமன்று, பெறுதலுமாம். 1980களில் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கப்பணம் வழங்கியது. தோட்டப் பெண்களிடையே இந்நிரந்தர முறை ஏனையோரினும் மிகுந்திருந்தது. வறியவள் முன் பணத்தை வைத்துப் பெறும் சம்மதம் முழுச் சம்மதமாகுமா என்பதும் இளைஞர் எண்ணவேண்டிய அறவினாவே.

லயன் சுவர்கள் மறைவு தருவன அல்ல. அங்கே கேட்கமுடியாத வினாவைக் கேட்குமிடம் பள்ளியாதல் வேண்டும். விடையை மாணவர் மனச்சான்றே தரட்டும்; அதற்கு வேண்டும் அறிவைத் தருதல் ஆசிரியர் கடனாம்.