அறுநூற்று ஒன்றாவது அலகு

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்ததற்காக அம்மாவிடம் ஏச்சு வாங்காதவர் நம்மில் யாரேனும் உண்டா? ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், மின்சாரத்தைப் பொறுத்தவரை எந்தத் துளி சிறியது, எந்தத் துளி பெரியது என்பதை நம்மில் பலர் கணக்குப் பார்த்ததில்லை.

நானும் பார்த்ததில்லை. சென்ற பருவ விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோதுதான் அதற்கான தேவை ஏற்பட்டது. அந்த மாதம் எங்கள் மின்பயன்பாடு 640 அலகு. செலவைக் குறைக்கப் பாட்டியின் அறையில் உள்ள ஏர்கோனை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பாட்டி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுக்கவில்லை என்பதே என்னை உறுத்தியது. முடிவெடுப்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று தாளும் பேனாவுமாக அமர்ந்தேன்.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஒரு கிலோவாட் ஆற்றலுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஓர் அலகு. தீபகற்ப மலேசியாவில் 2025ஆம் ஆண்டு ஜூன் வரை வீட்டுக் கட்டணம் படிப்படியாக உயர்ந்தது. முதல் 200 அலகுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென் என்று அது ஏறிச் சென்றது. ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமே கூடுதல் விலை.

2025 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த முறை வேறு. மாதம் 1,500 அலகு வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அடிப்படை விலை அலகுக்கு 44.43 சென். அதிலிருந்து, 1,000 அலகுக்கு மேற்போகாத வீடுகளுக்கு மின்சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. 200 அலகு வரை 25 சென், 551 முதல் 600 வரை 9 சென், 601 முதல் 650 வரை 7.5 சென் என்று பயன்பாடு கூடக்கூட ஊக்கத்தொகை குறைகிறது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. இந்தத் தொகை மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்று, அந்த மாதத்தின் எல்லா அலகுகளுக்கும் பொருந்தும். அத்துடன், 600ஐத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேர்கிறது.

600 அலகுக்குக் கட்டணம் 212.58 ரிங்கிட். 601 அலகுக்கு 231.95 ரிங்கிட். அந்த ஒரே ஓர் அலகின் விலை 19 ரிங்கிட்டுக்கு மேல்! இது வரிகளைச் சேர்க்காத கணக்கு. 600க்கு மேற்பட்ட பகுதிக்குச் சேவை வரியும் உண்டு. எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் கட்டணமும் 600ஐத் தாண்டிய வீடுகளையே சேரும்.

மின்சாரம் எங்கே போகிறது?

ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 1.35 அலகுதான். ஐம்பது சென்கூட ஆகாது. 60 வாட் மின்விசிறி இரவெல்லாம் எட்டு மணி நேரம் சுழன்றால் ஏறத்தாழ 14 அலகு.

குளியலறை ஹீட்டருக்கு வருவோம். அதன் ஆற்றல் 3.6 கிலோவாட். அஃதாவது, அறுபது மின்விசிறிகளை ஒரே நேரத்தில் சுழலவிட்டதற்குச் சமம். நால்வர் தலைக்குப் பத்து நிமிடம் குளித்தால் மாதம் 72 அலகு. ஐந்து நிமிடமாகக் குறைத்தால் 36 அலகு மிச்சம்.

பின்கட்டில் எங்களுக்கு ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி உண்டு. புதியது வாங்கியபோது, “தீபாவளிக்கு உதவுமே” என்று அம்மா வைத்துக்கொண்டார். ஆண்டு முழுவதும் அதில் இருந்தவை சில தண்ணீர்ப் புட்டிகளே. ஒரு நாள் மற்றவற்றை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்ததில், அது நாளுக்கு ஒன்றரை அலகு எடுப்பது தெரிந்தது. மாதத்திற்கு 45 அலகு.

பாட்டி நண்பகலில் இரண்டு மணி நேரம் போடும் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன், கம்ப்ரசர் ஓயாமல் ஓடினாலும் மாதம் 48 அலகைத் தாண்டாது. கூரை கொதிக்கும் நேரத்தில் அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அது.

ஹீட்டரில் 36, பழைய பெட்டியில் 45, ஆக 81 அலகு குறைந்தால் 640 என்பது 559 ஆகிறது. கட்டணம் 246.35 ரிங்கிட்டிலிருந்து 198.05 ரிங்கிட்டாக இறங்குகிறது. மாதம் 48 ரிங்கிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 580 ரிங்கிட் மிச்சம். பாட்டியின் ஏர்கோனைத் தொடவே வேண்டியதில்லை.

ஏர்கோனும் வெப்பநிலையும்

இரவு முழுவதும் ஓடும் ஏர்கோனின் கதை வேறு. வெளியிலிருந்து அறைக்குள் புகும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 32 பாகை இருக்கும்போது உள்ளே 18 வைத்தால் வேறுபாடு 14. 25 வைத்தால் 7. சுவர் வழியே வரும் வெப்பம் பாதியாகிறது. கருவியின் வேலையும் அதற்கேற்பக் குறைகிறது. 16இல் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது தவறான எண்ணம். சாதாரண ஏர்கோன் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். 16ஐ எட்டும்வரை நிற்காமல் ஓடும், அவ்வளவே. 25இல் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போட்டால் உடலுக்குப் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். எங்கள் அப்பா 18இலிருந்து 23 வரை ஏறி வந்திருக்கிறார். பேச்சுவார்த்தை தொடர்கிறது.

நாம் செய்யக்கூடியவை

மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மீட்டரைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பாதி மாதத்தில் 300ஐத் தாண்டியிருந்தால் விழித்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. புதிய பொருள் வாங்கும்போது விலைச்சீட்டோடு எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை அலகு செலவாகும் என்பது அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாடகை வீட்டில் கூடித் தங்கியிருக்கும் மாணவர்கள், கட்டணத்தைப் பங்கிடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நட்பும் மிஞ்சும்.

ஆளில்லாத அறையின் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். அதை விட வேண்டாம். ஆனால், சிக்கனம் என்ற பெயரில் வீட்டில் வாய்திறந்து கேட்காதவரின் வசதியைப் பறிப்பது எளிது. எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கணக்கு வேண்டும். படித்த பிள்ளைகளாகிய நாம் வீட்டுக்குச் செய்யக்கூடிய சிறு உதவி அது. அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்.