குப்பம்மாள்: ஒரு பெயருக்குள் மறைந்திருக்கும் வேண்டுதல்

வெளிநோயாளர் பிரிவில் செவிலியர் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கும்போது, சில பெயர்களைக் கேட்டதும் காத்திருப்போர் நிமிர்ந்து பார்ப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். ‘குப்பம்மாள்’ அத்தகைய பெயர்களுள் ஒன்று. அழைக்கப்பட்ட மூதாட்டி மெல்ல எழுந்து வருவார். இளையோர் சிலர் புன்னகைப்பர். உடன் வந்த பேத்தி கூச்சத்தால் தலை குனிவாள். அப்பெயர் பிறந்த கதையை அறிந்தால் அவள் தலை குனிய மாட்டாள் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

‘குப்பை’ என்றால் இன்று நமக்குக் கழிவுதான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் குவியல் என்னும் பொருளையும் தந்தது. நெற்குப்பை என்றால் நெற்குவியல். எனினும், பெண்ணின் பெயராக அமைந்தபோது அது பெரும்பாலும் வீட்டுப் புறத்தே இருந்த குப்பைமேட்டையே குறித்தது.

முன்பு பிறந்த பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த வீட்டில் மீண்டும் ஒரு குழந்தை பிறந்தால், அதனைக் குப்பைமேட்டில் கிடத்தியோ புரட்டியோ எடுத்து வருவது வழக்கமாக இருந்தது. வேண்டாமென்று எறியப்பட்ட பிள்ளை போலத் தோன்றினால் கண்ணேறு படாது, காலனும் கவர மாட்டான் என்பது நம்பிக்கை. அக்குழந்தை ஆணாயின் குப்பன், குப்புசாமி, பெண்ணாயின் குப்பம்மாள். பிச்சையாகப் பெற்றது என்னும் பொருளில் பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களும், இவ்வாறே மூக்குக் குத்திக் காத்த பிள்ளைகளுக்கு மூக்கன், மூக்கம்மாள் என்ற பெயர்களும் வழங்கின. குழந்தையைப் பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கும் வழக்கமும் இருந்தது. தெலுங்கு நாட்டில் பெண்டம்மா, பெண்டய்யா என்னும் பெயர்கள் இதே கருத்தில் அமைந்தவை.

ஆகவே, குப்பம்மாள் என்பது வெறுப்பில் பிறந்த பெயரன்று. ‘இவளையாவது எங்களுக்கு விட்டுவை’ என்னும் மன்றாட்டே அப்பெயர். பிற்காலத்தில் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் மரபினாலும் அது பரவியது. எளிய மக்களைப் பொதுவாகக் ‘குப்பனும் சுப்பனும்’ என்று சொல்லும் அளவுக்கு இப்பெயர்கள் ஊர்தோறும் நிறைந்திருந்தன.

இத்தனை வீடுகளில் இந்த அச்சம் குடியிருந்ததற்குக் காரணம் உண்டு. அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 1971ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. வயிற்றுப்போக்கு, தட்டம்மை, கக்குவான் இருமல், தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்ததால் வந்த இரணஜன்னி ஆகியவை எத்தனையோ தொட்டில்களை வெறுமையாக்கின.

2020ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை நாடு முழுவதும் 28 ஆகவும், தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவம், 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசல், தாய்ப்பால் பற்றிய விழிப்புணர்வு ஆகியவை இதற்குத் துணைநின்றன. 2014இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடாயிற்று. 2015இல் தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இந்நாளில் குழந்தைக்குக் குப்பம்மாள் என்று பெயரிடுவோர் அரியர். நாகரிகம் மாறியது ஒரு காரணம். அச்சம் நீங்கியது மற்றொரு காரணம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

இப்பெயர் நமக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறது.

முதலாவது, கருவுற்றிருக்கும் பெண்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும். ‘இவ்வீட்டில் இதற்குமுன் ஒரு பிள்ளை இறந்தது’ என்பதை அக்காலத்தவர் குழந்தையின் பெயரிலேயே எழுதி வைத்தனர். இன்று அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறத்தல், பிறந்த சில நாள்களில் இழத்தல் ஆகியவற்றை முதல் பரிசோதனையிலேயே தெரிவியுங்கள். தாய்க்கு நீரிழிவு, தாய்க்கும் சேய்க்கும் இரத்த வகை ஒவ்வாமை, உறவுமுறைத் திருமணத்தால் வரக்கூடிய பரம்பரை நோய்கள் போன்றவற்றைக் காலத்தே கண்டறிய அச்செய்தி உதவும். அதனைச் சொல்வதில் குற்றமுமில்லை, அபசகுனமுமில்லை.

இரண்டாவது, முதியோருடன் வரும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். பெயருக்கு நாணிப் பதிவின்போது வேறு பெயரைக் கூறாதீர்கள். அடையாள அட்டையிலும், மருத்துவக் குறிப்பேட்டிலும், கைப்பட்டையிலும் ஒரே பெயர் இருந்தால்தான் மருந்தும் இரத்தமும் ஆய்வு முடிவும் உரியவரைச் சேரும். ‘பாட்டி’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைக்கப்பட அவர் விரும்பினால், செவிலியரிடம் சொல்லுங்கள், அவ்வாறே அழைப்பார்கள். ஆனால் ஏட்டில் அவருடைய பெயர் அவருடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த முறை காத்திருக்கும் வேளையில், அப்பெயர் எப்படி வந்தது என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு முன் பிறந்து, பெயரிடுமுன்பே மறைந்த ஓர் அண்ணனையோ அக்காவையோ அவர் நினைவுகூரக்கூடும். அவ்விழப்புக்குப் பின்னும் உயிர்பிழைத்து உங்கள் குடும்பத்தை வளர்த்தெடுத்த பெண்ணின் பெயர் அது.