ஆறு மணி நேரப் பயணமும் அதற்கு முந்திய ஆயத்தமும்



திருப்பூரில் இரவு இரயிலேறுபவர் சென்னை சென்று சேர ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. தொலைவு சுமார் 450 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தாவோ அதனினும் பத்து மடங்குத் தொலைவு. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். ஆயினும் இடைநில்லா விமானம் ஆறு மணி நேர அளவில் அதனைக் கடந்துவிடுகிறது. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஆதலால் காலை 6 மணிக்குப் புறப்பட்டவர், அந்நாட்டுக் கடிகாரத்தில் 9.30 மணிக்கே இறங்கிவிடுகிறார்!

நம் முன்னோர் மும்பை சென்று கப்பலேறினர். 1995ஆம் ஆண்டோடு நின்றுபோன அக்கடற்பயணம் பல நாட்கள் நீடித்தது. ஹஜ்ஜின் கிரியைகளைக் கற்கவும், உள்ளத்தைப் பண்படுத்தவும் வழியிலேயே அவகாசம் இருந்தது. இன்று அந்த அவகாசம் இல்லை. எனவே, ஆயத்தம் அனைத்தும் வீட்டு வாசலைத் தாண்டுமுன் நிறைவேற வேண்டும்.

முதலாவது, இஹ்ராம். ஹஜ், உம்ரா செய்ய வருவோர் இஹ்ராமின்றிக் கடக்கலாகாத எல்லைகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தருளினார்கள். அவற்றிற்கு மீகாத் என்று பெயர். ஜித்தா செல்லும் விமானம், தரையிறங்குமுன்பே அவ்வெல்லையைக் கடந்துவிடுகிறது. ஆகவே இஹ்ராம் உடையைப் பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிடாதீர்கள். வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, எல்லை நெருங்கும் அறிவிப்புக் கேட்டதும் நிய்யத் செய்து தல்பியா முழங்குங்கள். உறங்கிவிடுவோம் என்று அஞ்சுவோர் முன்கூட்டியே நிய்யத் செய்துகொள்ளலாம். தவறவிட்டோர் மீகாத்திற்குத் திரும்ப வேண்டும். இயலாவிடில் பலிப்பிராணி கொடுக்க வேண்டும் என்பது சட்ட வல்லுநர்களின் தீர்ப்பு. நேரே மதீனா சென்று இறங்குவோர், அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் பூணுவர்.

இரண்டாவது, பிறர் உரிமை. பனியன் தொழில் நடத்தும் சகோதரரே! தையற்காரரின் வாரக்கூலி நிலுவையில் இல்லையே? சாயப்பட்டறைக்கும், காஜா-பட்டன் வேலை செய்து தந்த சிறு தொழிலாளிக்கும் கணக்குத் தீர்த்துவிட்டீர்களா? உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பணித்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். தொழுகையும் நோன்பும் சுமந்து வந்தும், பிறரைத் துன்புறுத்தி அவர்தம் உரிமையைப் பறித்ததால் நன்மையனைத்தையும் இழந்து நிற்பவனே உண்மையில் திவாலானவன் என்றும் எச்சரித்தார்கள். இஹ்ராமில் நேர்ந்த பிழைக்குப் பரிகாரம் உண்டு. ஏழையின் கூலியை நிறுத்தியதற்கு, அதனை அவரிடமே சேர்ப்பித்து மன்னிப்புப் பெறுவதன்றிப் பரிகாரம் ஏது?

பயணத்திற்குரிய கட்டுச்சோற்றில் மிகச் சிறந்தது இறையச்சமே என்று திருமறை அறிவுறுத்துகிறது. அதனை விமானத்தில் பரிமாறமாட்டார்கள். நம் ஊரிலேயே கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.